பஸ்ஸில் பேசியதற்குக் கமிஷன்

"நாப்பதாயிரம் தம்பி. உங்களுக்குங்கறதால கொறைச்சுத்தான் சொல்றேன்" என்றார் தர்மன்.

அறிவழகன் வேர்க்கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்தான். அரியலூரிலிருந்து பெரம்பலூர் திரும்பும் மாலை பஸ்ஸில் மாசி மாதத்திலிருந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் தர்மன். கடலை வாங்கித் தருவார். மழை வருமா வராதா என்று பேசுவார். ஒருநாள், துறைமங்கலத்தில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்றும் பேசினார். அந்த வீடு போன வாரம் அறிவழகன் பெயருக்குப் பத்திரமாகியிருந்தது.

"எதுக்குண்ணே நாப்பதாயிரம்?"

"கமிஷன்."

"நீங்க புரோக்கரா?"

"பின்ன, என்னை என்னன்னு நெனச்சீங்க?"

"சிநேகிதர்னு."

தர்மன் கொஞ்சம் சங்கடப்பட்டார். "அதுவுந்தான்."

"நான் எதுலயாச்சும் கையெழுத்துப் போட்டேனா?"

"ஓடுற பஸ்ல எவன் தம்பி கையெழுத்துப் போடுவான்? கோணலாப் போவும்."

சிமெண்ட் ஆலையில் லாரிகளை எண்ணி அனுப்பிவிட்டு வருகிறவனுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. ஆனால் சும்மா விடவும் முடியாது. கடன், பத்திரச் செலவு எல்லாம் போக அவனிடம் மிஞ்சியிருந்தது அந்த நாற்பதாயிரம்தான். மலர்க்கொடியின் சங்கிலியை அடகிலிருந்து மீட்க வைத்திருந்தான். ஆவணியில் கிரகப்பிரவேசம். அன்று அவள் வெறும் கழுத்தோடு சொந்தக்காரர்கள் முன்னால் நிற்கக் கூடாது. அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மலர்க்கொடி துவைத்த துணியை மடித்துக்கொண்டே, "கொடுத்துடுங்களேன்" என்றாள்.

"அப்ப உன் சங்கிலி?"

"மஞ்சக் கயிறு இருக்குல்ல. போதும்."

"நீ சும்மாரு மலரு. வீட்டைக் கண்டுபிடிச்சது நானு. இவன் யாரு நடுவுல?"

அவனைப் பொறுத்தவரை அது உண்மைதான். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்து அவன் வீட்டைப் பற்றிச் சொன்ன அன்று, "அப்படியாங்க!" என்று அவள் கன்னத்தில் கை வைத்து ஆச்சரியப்பட்ட அழகு இன்னும் அவன் கண்ணுக்குள் நின்றது. பத்து வருடமாகச் சொந்த வீடு, சொந்த வீடு என்று அவள் கேட்டுக்கொண்டிருந்ததும், அவன் 'பாக்கலாம்' என்று பேப்பரைப் புரட்டியதும் அவ்வளவாக ஞாபகம் இல்லை.

மறுநாள் தர்மனைத் தவிர்க்க வேறு பஸ்ஸில் ஏறினான். அது ஊர் ஊராக நின்று, வழியில் டயரும் பஞ்சராகி, இருட்டிய பிறகு அவனை இறக்கிவிட்டது. வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே தர்மன் உட்கார்ந்திருந்தார். மலர்க்கொடி கொடுத்த சர்க்கரை போடாத காபியை நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களைக் காணோமேன்னு பயந்துட்டேன் தம்பி."

சாட்சி வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் பழைய பஸ்ஸிலேயே ஏறி, கண்டக்டர் ஜெயசீலனைப் பிடித்தான்.

"நாங்க சும்மா பேசிக்கிட்டுத்தானே வந்தோம்? நீங்களே சொல்லுங்க."

"சும்மாவா? தெனமும் உங்க பக்கத்து சீட்ல துண்டு போட்டு அண்ணனுக்கு எடம் புடிச்சு வெச்சது யாரு சார்? நானு. வீடு முடிஞ்சா என்னையும் கவனிக்கறதா அண்ணன் சொல்லியிருக்காரு."

இப்போது கேட்கிறவர்கள் இரண்டு பேர்.

வீட்டை விற்ற சாகுல் ஹமீதுக்குப் போன் செய்தான். அவர் லப்பைக்குடிக்காட்டில் இருந்தார்.

"பாய், இந்த வியாபாரத்துல புரோக்கரே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அதெப்படித் தம்பி? தர்மன் வந்து மன்றாடினதாலதான் ஒரு லட்சம் கொறைச்சேன். புரோக்கரே இல்லைன்னா அந்த ஒரு லட்சத்தையும் குடுத்துடுங்க. இன்ஷா அல்லாஹ், நாளைக்கே வந்து வாங்கிக்கறேன்."

அறிவழகன் போனை மெதுவாக வைத்தான். இனி சாமிதான்.

"சிறுவாச்சூர் காளி கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுங்க" என்றான், மறுபடி வீட்டுக்கு வந்திருந்த தர்மனிடம். "நான் உங்களை வீடு பாக்கச் சொன்னேன்னு. பண்ணிட்டா நாப்பதாயிரத்தையும் எண்ணி வெச்சிடறேன்."

"அங்கியா?" என்று கேட்டது தர்மன் அல்ல, மலர்க்கொடி. "ஏங்க, திங்களும் வெள்ளியுந்தான் அங்க நடை தெறப்பாங்க. உள்ளூர்லயே ஒரு புள்ளையார் கோயில்ல..."

"வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டாச்சு. நீயும் வர்ற. நாளைக்கு எவனும் பேச்சு மாறக் கூடாது."

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் நல்ல கூட்டம். கடை போட்டிருந்த பூமாலை என்ற பெண்ணிடம் சூடம் வாங்கி, அறிவழகன் தர்மன் முன்னால் நீட்டினான். தர்மன் கோபுரத்தைப் பார்த்தார். மலர்க்கொடியைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"நீங்க சொல்லலதான் தம்பி. ஆத்தா முன்னால நான் பொய் சொல்ல மாட்டேன்."

எத்தனையோ நாளைக்குப் பிறகு அறிவழகனுக்கு மூச்சு முழுசாக வந்தது. "கேட்டியா மலரு? உன் சங்கிலி வந்துடுச்சு!"

மலர்க்கொடி கேட்டதாகத் தெரியவில்லை. தரையில் கிடந்த எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொளுத்தாத சூடத்தை வீணாக்குவானேன் என்று அறிவழகன் அதைக் கடையில் திருப்பிக் கொடுத்தான். அதை வாங்கிப் போட்ட பூமாலை, அவன் தோளுக்குப் பின்னால் மறைந்து நின்றவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னம்மா, கை சுட்டது ஆறிடுச்சா? 'நான் சொன்னா எங்க வூட்டுக்காரரு காதுலயே போட்டுக்க மாட்டாரு, நீங்க பஸ்ல பேசி வாங்க வைங்க, கமிஷனுக்கு நானாச்சு'ன்னு மாசி மாசம் இதே அண்ணங்கிட்ட சூடம் அணைச்சியே, அந்த வூடு முடிஞ்சிடுச்சா?"