வாட்சில் இடமில்லாத 'ங்க'

கடமலைக்குண்டு

மதிப்பிற்குரிய சம்பந்தி மாரிசெல்வம் அவர்களுக்கு,

வீரணன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே ஒரு ஆள் நீங்கலாக அனைவரும் நலம். அந்த ஆள் நான்தான். ஆண்டிபட்டியில் தாங்களும் வீட்டாரும் சுகமென்று நம்புகிறேன். போனில் பேசினால் தங்கள் மகளும் என் மருமகளுமான நதியா காதில் விழும் என்பதால் கடிதம். தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, மகளைப் பத்து நாள் அங்கே அழைத்துப்போய், மாமனாரிடம் எப்படிப் பேசுவதென்று நாலு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும்.

பொங்கலுக்குத் தாங்கள் எனக்குக் கட்டிவிட்ட டிஜிட்டல் வாட்ச் நினைவிருக்கும். தோப்பு மோட்டாருக்கு த்ரீபேஸ் கரண்டு வரும் நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது, டீக்கடையில் உட்கார்ந்தால் நான் அதை மறந்துவிடுகிறேன் என்று, நதியா அந்த வாட்சைக் கழற்றி, உள்ளே இருந்த போர்டை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து, அதற்குப் புரோகிராமும் தானே எழுதி, கரண்டு நேரத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி செஞ்சிருச்சு. சம்மந்தி, கடையில வாங்குன வாட்ச் கம்பெனிக்காரன் சொன்னதைக் கேக்காம நம்ம வீட்டுப் பிள்ளை சொன்னதைக் கேக்குது! அந்தப் பெருமையிலதான் டீக்கடைக்குக் கட்டிட்டுப் போனேன். அங்கன எல்லாரும் இருக்கையில கீ கீன்னு கத்துச்சு. கிழமை காட்டுற மூலையில பி, ஓன்னு ரெண்டு இங்கிலீஷ் எழுத்து. நம்ம சேக்காளி பங்கிராஸ் எட்டிப் பாத்து, "ஏப்பா வீரணா, மருமக உன்னைய 'போ'ங்குதே!"ன்னு சத்தமாப் படிச்சுட்டான். மோட்டாருக்குப் போன்னு அர்த்தமாம். சிரிச்சாக பாருங்க, டீ மாஸ்டர் கிளாசைக் கீழ வச்சுட்டுச் சிரிச்சாரு. எம் மானம் கப்பலேறிப் போச்சு.

வீட்டுக்கு வந்து, "மாமனாரைப் 'போ'ங்குறதா ஆத்தா, ஒரு 'ங்க' போடக் கூடாதா?"ன்னு கேட்டேன். "அந்த மூலையில ரெண்டெழுத்துக்குத்தான் இடம் மாமா. மரியாதை போட்டா மணி மறைஞ்சிரும்"ங்குது. மறைஞ்சா மறையட்டும்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன். சரின்னு மறுபடி கழத்தி, போர்டை லேப்டாப்புல பென்டிரைவ் மாதிரி செருகி, புதுப் புரோகிராம ஏத்துச்சு. வாட்ச் பொட்டுன்னு அணைஞ்சு போச்சு. "பிரிக் ஆயிருச்சு மாமா"ங்குது. பிரிக்குன்னா செங்கல்லாம், உசிரில்லாமக் கெடந்தா அப்படித்தான் சொல்லுவாகளாம். அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை உக்காந்த உக்காரு இருக்கே! மத்தியானச் சோறு திங்கல. லேப்டாப்புல செவப்புச் செவப்பாத் தப்பு வருது, ஒவ்வொன்னாத் திருத்துது. மோட்டார் ஓடலன்னா நான் மோட்டாரைக் காலால எத்துவேன். அது ஒரு தடவ மொகம் சுளிக்கல. எம் பொண்டாட்டி சங்கிலியம்மா, "உங்க 'ங்க'வுக்காக அந்தப் பிள்ளையப் பட்டினி போடுறீகளே"ன்னு என்னைய ஏசுறா. பொழுது சாய வாட்ச் முழிச்சிருச்சு. 'போ'வுக்கு அடுத்து இங்கிலீஷ்ல என், ஜி, ஏன்னு 'ங்க'வும் வந்துருச்சு. அடேயப்பா, என்னா பிள்ளையப் பெத்து வச்சிருக்கீக சம்மந்தி!

இருந்தாலும் முறை என்று ஒன்று இருப்பதால், மேற்சொன்னபடி தாங்கள் வந்து அழைத்துச் செல்லவும். அங்குள்ள பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
மரியாதை கிடைக்கப்பெற்ற,
வீரணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுறதுக்குள்ள வாட்ச் கத்துச்சு. 'போங்க'. யாரோ பேங்க்குல டோக்கன் நம்பர் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு சம்மந்தி, மனசே கேக்கல. எனக்குப் பொம்பளப்பிள்ளை இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். நேரா நதியாகிட்டப் போயி, "அந்த 'ங்க'வ எடுத்துரு ஆத்தா"ன்னேன். "வெறும் 'போ'வா மாமா?"ன்னு பயந்துக்கிட்டே கேட்டுச்சு. "பக்கத்துல பி, ஏ போடு. 'போப்பா'ன்னு வரட்டும்"னேன். கண்ணைத் தொடச்சுட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்துச்சு. நீங்க வர வேணாம். எம் மகளை நான் எங்கயும் அனுப்புறதா இல்ல.