நான் கட்டை போட்ட தேர்

வாய்க்கால் கரையோடு மாயவரத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். இடுப்பில் புது வேட்டி. அதில் பாதிக்கு மேல் விளக்கெண்ணெய். முந்தி ஓரத்தில் கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை. தேர்ச் சக்கரத்துக்குத் தடவும் வண்டிமை அது, துவைத்தாலும் போகாது. (போகவில்லை. கிழியும்வரை அந்த விரலோடுதான் கட்டினேன்.) முதுகுக்குப் பின்னால் எங்கள் ஊர்க் கோபுரம் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால், அக்கா வழியனுப்ப நிற்கிறாளா இல்லையா என்பது தெரிந்துவிடும். நிற்க மாட்டாள் என்று தெரிந்ததைக் கண்ணால் வேறு பார்க்க வேண்டுமா?

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் ஆயுளில் நான் அதிகம் சொன்ன பொய் 'தெரியும்' என்பதுதான். மாடு கறக்கத் தெரியுமா? தெரியும். (உதை வாங்கிய தழும்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது.) பரோட்டா போடத் தெரியுமா? தெரியும். ஊர் ஊராகத் திரிகிறவனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் சோறு போடும். தெரியாது என்கிறவனுக்கு எவனும் இலை போடமாட்டான். அந்த வார்த்தையை ஒரே நாளில் இரண்டு தடவை, சொல்லக்கூடாத இடத்தில் சொன்னேன். அதனால்தான் இந்த நடை.

ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டுக் கிளம்பியவன் நான். உப்பளம், முந்திரிக்கொட்டை உடைப்பு, ஓட்டல் என்று சுற்றினேன். கடைசி நாலு வருஷம் அக்காவுக்கு ஒரு கடுதாசிகூடப் போடவில்லை. அஞ்சலை என்று பெயர். எங்களுக்கு அப்பா அம்மா இல்லாமல் போனபின் எனக்கு இருந்த ஒரே மனுஷி. அவளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மாயவரத்தில் ரயிலை விட்டு இறங்கினேன். பசி. ஸ்டேஷன் வாசலில் ஒரு லாரி நின்றது. கக்கத்தில் குடை இடுக்கிய ஒருவர் கூவிக்கொண்டிருந்தார்.

"தேர் இழுக்க ஆள் வேணும்! காலையில இட்லி, மத்தியானம் சாப்பாடு, ஆளுக்கு ஒரு வேட்டி!"

எந்த ஊர் என்று கேட்டேன். எங்கள் ஊர்! வண்டிக்குக் காசு கொடுக்காமல் வீட்டுக்குப் போகலாம், போகிற வழியில் இட்லியும் கிடைக்கும். எங்கள் ஊர்த் தேருக்கு ஆள் பிடிக்க மாயவரம் வரை ஏன் லாரி வரவேண்டும் என்று ஒரு எருமை மாடுகூட யோசித்திருக்கும். நான் ஏறிவிட்டேன்.

குடைக்காரர் எங்கள் ஊர் மிராசுதாரரின் காரியஸ்தர். நான் ஊரில் இருந்த காலத்தில் அவர் இல்லை, என்னை அவருக்குத் தெரியாது. லாரி நகர்ந்ததும் கேட்டார். "கட்டை போடத் தெரிஞ்சவன் எவனாச்சும் இருக்கானா? அவனுக்கு வேட்டி ரெண்டு."

"தெரியும்" என்றேன்.

கட்டை என்பது விளையாட்டில்லை. தேரை இழுப்பதுதான் ஜனங்கள் கண்ணுக்குத் தெரியும். ஆனால் தேர் வடத்துக்குக் கட்டுப்படாது. சக்கரத்தின் பக்கத்திலேயே ஓடி, எண்ணெய் பூசிய முட்டுக்கட்டையைச் சாய்த்துச் சொருகினால், சக்கரம் அதில் உரசித் திரும்பும், நேரே வைத்தால் நிற்கும். கொஞ்சம் பிசகினால் கால் போய்விடும். எங்கள் அப்பா அந்த வேலையைச் செய்தார். அவருக்குப் பிறகு அக்கா புருஷன் கோவிந்தன் செய்தார். நான் சின்ன வயதில் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். பார்த்தால் போதாதா?

கீழவீதியில் இறக்கி, இட்லியும் வேட்டியும் கொடுத்து, என் கையில் மட்டும் ஒரு முட்டுக்கட்டையையும் தந்தார்கள். தேர் அலங்காரத்தோடு நின்றது. வீதிக் கோடியில், எங்கள் தெருவுக்குப் பிரியும் சந்தின் வாயில், செங்கொடியை நட்டுவைத்து ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. எல்லாம் எங்கள் தெரு. முன்வரிசையில் அக்கா.

"யாருடா அது, ரத்தினமா?"

"நான்தான்க்கா. ஒன்னப் பாக்கத்தான் வந்தேன்."

"கையில என்ன?"

"கட்டை."

அக்கா என்னையும் புது வேட்டியையும் லாரியையும் பார்த்தாள். "நாலு வருஷங்கழிச்சு வர்ற தம்பி ரெண்டு ஆரஞ்சுப்பழம் எடுத்துட்டு வருவான்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

மச்சான் கோவிந்தன்தான் விஷயத்தைச் சொன்னார். ஒன்பது குடும்பம், மூணு தலைமுறையாக மிராசுதாரர் மனையில் குடிசை போட்டிருக்கிறது. அவர் வயலில் நட்டு, அறுத்து, அவர் காலிபண்ணச் சொன்னால் காலிபண்ண வேண்டியதுதான். புது ஆட்சி வந்து, குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டமும் வந்துவிட்டது. சட்டம் மெட்ராஸிலிருந்து எங்கள் ஊருக்கு மட்டும் பஸ் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தது. பட்டா கொடுக்காமல் தேரைத் தொடமாட்டோம் என்று எங்கள் தெரு உட்கார்ந்துவிட்டது. எங்கள் தோள் இல்லாமல் அந்தத் தேர் ஒரு நாளும் ஓடியதில்லை.

"எங்க பொழப்புக்கு எதிரா வந்து நிக்கிற மாப்ள" என்றார் மச்சான். அப்புறம் என் கையில் இருந்த கட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அதுவும் நீ கட்டை போடப் போறியா? போடு, போடு. பாப்போம்."

கூட்டமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "வேட்டிய அவுத்துக் குடுத்துட்டு இப்பவே ஓடிப்போயிடு ரத்தினம்" என்றாள்.

ஓடியிருக்கலாம். ஆனால் நாலு இட்லி உள்ளே போயிருந்தது. (ஆறு.) அதைவிட, மச்சான் சிரித்தது சுட்டது. போட்டுக் காட்டுகிறேன் பார் என்று சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

கீழவீதி முழுக்க நேர்ப்பாதை. தேர் அழகாக வந்தது. நான் கட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடினேன், சும்மாவே இரண்டு தடவை அதட்டினேன். காரியஸ்தர் "பலே" என்றார். கோடி வந்தது. தெற்கு வீதிக்குப் போக வலப்பக்கம் திரும்ப வேண்டும். அப்பா எந்தப் பக்கம் சொருகுவார் என்பது என் கண்ணுக்குள் அப்படியே இருந்தது. சொருகினேன்.

தேர் கம்பீரமாக இடப்பக்கம் திரும்பியது.

வடம் பிடித்தவர்கள் ஒரு பக்கம் ஓட, தேர் இன்னொரு பக்கம் போனது. உட்கார்ந்திருந்த எங்கள் தெரு எழுந்து சிதறியது. மேலே இருந்த குருக்கள் "ஐயோ, ஐயோ" என்று தூணைக் கட்டிக்கொண்டார். சந்து வாயிலில் வாய்க்கால் மதகு. முன்சக்கரம் அதன் பலகைக்கல்லை உடைத்துக்கொண்டு இறங்கி நின்றது. தேர் சாய்ந்தது. மேலிருந்து ஒரு வாழைத்தார் என் தலையில் விழுந்தது. மொத்த விபத்திலும் அடிபட்டது நான் ஒருவன்தான். அதுவும் பிரசாதத்தால்.

மச்சான் மெதுவாக வந்து குனிந்து பார்த்தார்.

"மாப்ள, ஒங்கப்பா கட்டை போடறப்ப நீ எங்க நின்னு பாப்ப?"

"தேருக்கு எதுத்தாப்ல."

"அதான்" என்றார். "எதுத்தாப்ல நின்னு பாத்தா ஒனக்கு வலது, அவருக்கு எடது."

அதற்குள் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தார்கள். சாமி எங்கள் தெருவைப் பார்த்து நின்றது. அந்தத் தெருவுக்குச் சாமி வந்ததே இல்லை. நாங்களும் கோயிலுக்குள் போனதில்லை. போகலாம் என்று சட்டம் சொன்னது, போய்ப்பார் என்று ஊர் சொன்னது. வடம் பிடிக்கும்போது மட்டும் எங்கள் தோளுக்குத் தீட்டு கிடையாது.

தேரைத் தூக்கி எடுக்க மச்சானையும் எங்கள் தெரு ஆட்களையும் விட்டால் வேறு நாதியில்லை. மிராசுதாரர் பட்டு அங்கவஸ்திரத்தோடு வெயிலில் நடந்து வந்தார், எங்கள் ஆட்களிடம்.

"கோவிந்தா, சாமி தெருவுல நிக்குது. பாத்துக்கிட்டு நிக்கிறியே."

"நாங்களும் மூணு தலமொறையா தெருவுலதாங்க நிக்கிறோம்" என்றார் மச்சான். "பட்டா எழுதிக் குடுங்க. சாமி அரை மணியில கௌம்பும்."

அடுத்த ஒரு மணி நேரம் நான் பெரிய மனிதன். யாரோ நீர்மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். "வேணும்னேதான திருப்புன?" என்று ஒருவர் காதோடு கேட்டார். "பின்ன?" என்றேன். அக்காகூட என் தலை வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். அத்தோடு நான் செத்திருந்தால் எங்கள் தெருவில் எனக்கு ஒரு படம் மாட்டியிருப்பார்கள்.

மிராசுதாரர் இறங்கிவந்தார். காரியஸ்தர் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, கார்பன் வைத்து இரண்டு பிரதி எழுதிக்கொண்டு வந்தார். எங்களுக்குக் காகிதம் படித்துச் சொல்லும் செங்கொடிச் சங்கத்துக்காரர் தஞ்சாவூர் போயிருந்தார். மறுநாள்தான் வருவார்.

"அவர் வந்து பாக்கட்டும்" என்றார் மச்சான்.

"அதுவரைக்கும் சாமி சாஞ்சே கெடக்கட்டுமா?" என்றது ஒரு கிழவி. பெண்களெல்லாம் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

"ஒங்கள்ல எவனுக்காவது படிக்கத் தெரியுமா?" என்றார் காரியஸ்தர்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தெருவே என் புகழில் இருந்த நேரம் அது. "எனக்குத் தெரியும்" என்றேன்.

எழுத்தெல்லாம் தெரிந்த எழுத்துதான். ஆனால் கூட்டெழுத்து. மேற்படியார், பாத்தியதை, சர்வே நம்பர், ஒப்படைப்பு என்று ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் வராத வார்த்தைகள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு வார்த்தை புரிந்தது, மற்றது வெயிலில் நெளிந்தது. நான் உதட்டை அசைத்தேன். புருவத்தைச் சுருக்கினேன். நடுவில் ஒரு தடவை "ம்" என்று தலையாட்டினேன். காரியஸ்தர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்குத் தெரிந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

"பட்டான்னு போட்டுருக்காடா?" என்றாள் அக்கா.

தேடினேன். மூன்றாவது வரியில் இருந்தது. "போட்டுருக்குக்கா."

"அப்ப சரியா இருக்கா?"

"எல்லாம் சரியா இருக்கு."

முதல் கைநாட்டு அக்காவுடையது. மைப்பெட்டி இல்லை. தேர்ச் சக்கரத்தின் வண்டிமையிலேயே பெருவிரலைத் தொட்டு வைத்தாள். வைத்துவிட்டு, சந்தோஷத்தில் என் வேட்டி முந்தியில் விரலைத் துடைத்தாள். ஒன்பது வீடும் வைத்தது. மச்சான் கட்டையை வாங்கிக்கொண்டு போனார். பொழுது சாய்வதற்குள் தேர் நிலைக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் சங்கத்துக்காரர் சைக்கிளில் வந்தார். கார்பன் பிரதியை வாங்கி, சைக்கிளில் இருந்து இறங்காமலே, ஒரு காலை ஊன்றியபடி படித்தார். பிறகு சத்தமாகப் படித்தார். நாங்கள் மிராசுதாரர் அனுமதியின்பேரில் தங்கியிருக்கிறோம். மேற்படி மனைக்குப் பட்டா கோர எங்களுக்குப் பாத்தியதை இல்லை. கேட்கும்போது காலிசெய்து ஒப்படைத்துவிடுகிறோம்.

"இத யாரு படிச்சுப் பாத்தது?"

யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அக்கா உள்ளே போய்ப் பழையது பிழிந்து வைத்தாள். "சாப்புட்டுக் கௌம்பு" என்றாள். சாப்பிட்டேன். (அந்த நிலையிலும் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டேன்.) கை கழுவும்போதுதான் பேசினாள்.

"தேரக் கொண்டுபோயி வாய்க்கால்ல விட்டதுக்கு நான் ஒன்னும் சொல்லல. சாமியே நம்ம பக்கம் திரும்புச்சுன்னு நெனச்சேன். தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல ஒனக்கு எங்கடா வலிச்சுது?"

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கிளம்பினேன். தாசில்தார் ஆபீசுக்கு அவர்கள் வருஷக்கணக்கில் நடந்தார்கள். அங்கே ஒவ்வொரு தடவையும் அந்தக் கைநாட்டைக் காட்டியே திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒன்பது குடும்பமும் வாய்க்கால் புறம்போக்குக்குப் போனது. தண்ணீர் வந்தால் அடுப்பு நனைகிற இடம். மச்சான் அங்கேதான் செத்தார். தேர் வருஷா வருஷம் ஓடியது. அவர் அதற்குப் பிறகு கட்டையைத் தொடவில்லை.

அக்காவின் பேத்தி இப்போது ஒரு தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு பேங்க் காகிதமோ கல்யாணப் பத்திரிகையோ எது வந்தாலும், "சின்னத் தாத்தா படிச்சுட்டாரா? சரியா இருக்குன்னாரா? அப்ப கையெழுத்துப் போடாதீங்க" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள், மற்றவர்கள் முடித்த பிறகு.

அன்றைக்கு நான் மாயவரம் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஸ்டேஷனிலேயே படுத்துக்கொண்டேன். விடிந்ததும் நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று டீக்கடையில் நின்றது. க்ளீனர் பாதி வழியில் ஓடிவிட்டானாம். டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், வேட்டிக் கறையையும்தான்.

"படிக்கத் தெரியுமாடா? போர்டு பாக்கணும்."

"தெரியாதுங்க."

"மேட்டுல வண்டி நின்னா டயருக்குக் கட்டை போடணும். அதாவது தெரியுமா?"

நான் லாரிக்கு முன்னால் போய் நின்று பார்த்தேன். பின்னால் போய் நின்றும் பார்த்தேன்.

"எந்தப் பக்கம் நின்னு போடணும்னு மொதல்ல காட்டிடுங்கண்ணே" என்றேன்.

"ஏறு" என்றார்.