சாம்பல் கிரகத்துக்கு வந்த விருந்தாளிகள்

யார் மனமும் புண்படாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே தணிக்கைக் குழு இருக்கிறது. அன்று அதன் கவலை வேறு கிரகம்வரை போயிருந்தது.

இயக்குநரின் படத்தில், விண்கப்பலில் வியாபாரத்துக்கு வந்தவர்கள் கிரகத்தையே வளைத்துப் போட்டு, அங்கிருப்பவர்களைச் சுரங்கத்துக்கு இழுத்துப் போகிறார்கள். அதில் வரும் ஒரு கிழவருக்குத் தன் கொள்ளுத்தாத்தாவின் முகத்தைக் கொடுத்திருந்தாள். அவரும் அப்படிப் போனவர்தான், திரும்பவில்லை. நேராகச் சொன்னால் விடமாட்டார்கள் என்றுதான் கதையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த ஒரு காட்சிக்காகத்தான் படமே.

"நம்மள ஆண்ட நாட்டுலேருந்து அடுத்த வாரம் தூதுக்குழு வருதும்மா. இதத்தான் போட்டுக் காட்டப் போறோம். அவங்க சங்கடப்படக் கூடாது," என்றார் குழுத் தலைவர்.

"சார், இவங்களுக்கு மூணு கண்ணு."

"இருந்தாலும் அடையாளம் தெரியுது. துப்பாக்கிய எடுத்துட்டுக் குடை குடுங்க. ஆமா, ரயில் போட்டாங்களா?"

"போட்டாங்க. ஆளுங்களச் சுரங்கத்துக்கு அள்ளிட்டுப் போக."

"அப்ப ரயில் இருக்கட்டும். அள்ளுனத எடுத்துடுங்க."

பண்பாட்டுப் பிரதிநிதித்துவத்துக்கான உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றினார். "கிரகவாசிங்க எல்லாரும் உம்முனு இருக்காங்களே, நம்ம பண்பாடு எங்க தெரியுது? ரயில் வர்றப்ப ஆடட்டும்."

"சார், அந்தப் பெரியவர் காட்சிய மட்டும் விட்டுடுங்க," என்றாள் இயக்குநர்.

"யாரு வேணாம்னா?" என்றார் தலைவர். "கையில இருக்கற விலங்க எடுத்துட்டு ஒரு பெட்டி குடுங்க. சந்தோஷமா வேலைக்குப் போறார்."

கொள்ளுத்தாத்தாவின் முகமாவது மிஞ்சுமே என்று தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

தூதுக்குழு படம் பார்த்தது. அதன் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையேறினார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "எங்கள் முன்னோர் செய்த கொடுமைகளுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் எங்கள் அரசு எங்களை அனுப்பியது. அந்தப் பெரியவர் பெட்டியோடு, சிரித்த முகமாக ரயில் ஏறியதைப் பார்த்த பிறகுதான், வீணாக வருந்திவிட்டோம் என்று புரிந்தது. மிக்க நன்றி."

தணிக்கைக் குழுத் தலைவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. விடுவிடுவென்று மேடையேறி, இத்தனை காலம் அவர்களைத் தவறாக நினைத்ததற்காக மக்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

அரங்கமே எழுந்து கைதட்டியது. உட்கார்ந்திருந்தால் தனியாகத் தெரியும் என்று இயக்குநரும் எழுந்து தட்டினாள்.