அடுத்த மாதம் வர வேண்டாம், சகலை

அன்பும் மரியாதையும் மிக்க சகலை அவர்களுக்கு,

இங்கு நானும் என் வீட்டுக்காரியும் நலம். அங்கே நீங்களும் கொழுந்தியாளும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன குறைச்சல்! கேட்பது முறை என்பதால் கேட்டு வைக்கிறேன். அடுத்த மாதம் மறுபடியும் வந்து பத்து நாள் தங்குவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வர வேண்டாம். எதையும் காரணத்தோடு எழுத்துமூலம் தெரிவிப்பது என் முப்பத்து மூன்று வருஷத்துப் பழக்கம், ஆகவே தெரிவிக்கிறேன்.

இந்தக் கட்டடத்தில் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறேன். கதவில் 'தலைமை லிஃப்ட் ஆய்வாளர் (ஓய்வு)' என்று பித்தளைப் பலகை. இந்த ஊரில் பாதிப் பேர் என் கையெழுத்தை நம்பித்தான் மாடிக்கு ஏறி இறங்கினார்கள். ஓய்வு பெற்ற மறுவாரமே முந்நூறு விசிட்டிங் கார்டு அடித்து, முதல் கார்டை வாட்ச்மேனுக்குக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்து, ஆடுகிற நாற்காலிக் காலுக்கு அடியில் வைத்தார். நாற்காலி இப்போது ஆடுவதில்லை. நீங்கள் வந்து இருந்ததோ பத்தே நாள். நேற்று பார்சல் கொண்டுவந்தவர் என் வீட்டைக் கேட்டதற்கு வாட்ச்மேன், "ஓ, சகலை வீடா? நாலாவது மாடி" என்கிறார். மருந்துக்கடைக்காரர் என்னைக் கண்டதும், "சகலை எப்ப வர்றாரு?" என்கிறார். நீங்கள் அவருக்கு எந்த வழியில் சகலை? நியாயத்தைச் சொல்லுங்கள்: நீங்கள் எனக்குச் சகலை என்றால் நானும் உங்களுக்குச் சகலைதானே? அந்தப் பெயரில் சரிபாதி எனக்குச் சேர வேண்டியதுதானே? முழுசையும் நீங்களே சுருட்டிக்கொண்டு போனால் எப்படி?

அன்றைக்கு லிஃப்டில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்கான லிஃப்ட், நானூற்றெட்டுக் கிலோ. இரண்டாவது மாடித் தையற்காரம்மா ஏழாவது ஆளாக ஏறினார், லிஃப்ட் பீப் பீப் என்று கத்தியது. நான் முறைப்படி, "அம்மா, உங்க எடை எவ்வளவு?" என்று கேட்டேன். கேட்டது குற்றமா? ஆய்வாளன் எடையைக் கேட்காமல் வயசையா கேட்பான்? அந்தம்மா முகம் கறுத்துப் போயிற்று. உடனே நீங்கள் வெளியே குதித்து, "நீங்க போங்கம்மா, நான் படியில வர்றேன். யாரு முதல்ல போறோம்னு பாத்துடுவோம்!" என்று ஓட்டம் பிடித்தீர்கள். லிஃப்டில் இருந்த அத்தனை பேரும் உங்கள் கட்சி! நாலாவது மாடியில் நீங்கள் மூச்சு வாங்க நின்றதும் என் வீட்டுக்காரி தண்ணீர் டம்ளரோடு ஓடி வந்தாள். நானும்தான் இத்தனை வருஷம் மூச்சு வாங்கியிருக்கிறேன், டம்ளரை நானேதான் எடுத்துக் குடித்தேன். தையற்காரம்மா இன்றுவரை என்னைக் கண்டால் படி வழியாகப் போகிறார்.

கண் ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். வரவேற்பில் இருந்த பெண், "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாள். என் பதவி, பொறுப்பு, எனக்குக் கீழே இருந்த பதினாலு பேர் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு டோக்கன் தாண்டிவிட்டது. உங்களைக் கேட்டாள். "இப்போதைக்கு உங்களோட பேசிட்டிருக்கேம்மா" என்றீர்கள். அவள் சிரித்த சிரிப்பில் டாக்டரே எட்டிப் பார்த்தார். மறுவாரம் நான் தனியாகப் போய் அதையே சொன்னேன். "அது தெரியுது சார், வேலை என்னன்னு சொல்லுங்க" என்றாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பொறாமை. வயிறு எரிகிறது. நீங்கள் வேலை பார்த்த சீப்புக் கம்பெனியை மூடியபோது உங்களுக்கு நாற்பத்து நாலு வயசு. மாமனார் வீட்டில் எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். "ஆம்பளைக்கு வேலைதாங்க முகம்" என்று நான் உங்களுக்கு ஒரு மணி நேரம் புத்தி சொன்னேன். பொய் எதற்கு, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட. இனி மாமனார் கண்ணுக்கு நான் ஒருத்தன்தானே மாப்பிள்ளை! இப்போதல்லவா தெரிகிறது, அதிர்ஷ்டம் அடித்தது உங்களுக்கு என்று. வேலை போன பிறகும் ஆள் மிச்சம் இருக்கிறானா என்று பார்த்துக்கொள்ள உங்களுக்குப் பதினாறு வருஷம் கிடைத்தது. நான் அறுபதில் அல்லவா ஆரம்பிக்கிறேன்! காலையில் ஷூ மாட்டிக்கொண்டு ஹாலில் உட்காருகிறேன், ஒருத்தரும் எதையும் கையெழுத்துக்குக் கொண்டு வருவதில்லை. பதவியைக் கழற்றி வைத்தால் உள்ளே யாராச்சும் இருக்காங்களான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு, சகலை.

நீங்கள் போன மறுநாள் வீட்டுக்காரி, "அவர் இருந்தா வீடே கலகலன்னு இருக்கும்" என்றாள். "ஏன், நான் இருக்கேன்ல?" என்றேன். "நீங்க இருக்கீங்க. இல்லைன்னு யாரு சொன்னா?" என்று துணி மடிக்கப் போய்விட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னொரு தடவை நீங்கள் வந்து போனால் இந்த வீட்டில் எனக்கென்று ஒன்றும் மிஞ்சாது. ஆகவே வர வேண்டாம்.

கொழுந்தியாளுக்கு என் ஆசிகள். உங்களுக்கு நீண்ட ஆயுளும் நோகாத முழங்காலும் வாய்க்கட்டும், அங்கேயே.

இப்படிக்கு,
தலைமை லிஃப்ட் ஆய்வாளர் (ஓய்வு)

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பினேன். மூன்றாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் நடுவழியில் நின்றது, விளக்கும் அணைந்தது. என் சர்வீஸில் நான் ஒரு நாளும் மாட்டியதில்லை. இத்தனை பேருக்குத் தைரியம் சொன்னவனுக்கு அலாரம் பொத்தான் எந்தப் பக்கம் என்பதே மறந்துவிட்டது. கதவைத் தட்டினேன். மேலே இருந்து, "உள்ள யாரு?" என்று பெண் குரல். பதவி வாய்வரை வந்துவிட்டது. இந்த நிலைமையில் அதை எப்படிச் சொல்வது? "நான்தான்" என்றேன். "ஐயோ, நீங்களா!" என்று வீட்டுக்காரி செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடி வந்தாள். மெக்கானிக் வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அதுவரை கதவுக்கு அந்தப் பக்கம் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். இன்ஸ்பெக்டரே லிஃப்டில் மாட்டிக்கொண்டதை நினைத்து நினைத்துச் சிரித்தாள், கடைசியில் நானும் சிரித்துவிட்டேன். கதவு திறந்ததும் மெக்கானிக், "சார் யாரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "எங்க வீட்டுக்காரரு" என்று அவளே சொல்லிவிட்டாள். மேலே எழுதியதெல்லாம் ரத்து. திருப்பி எழுதச் சோம்பல், அப்படியே அனுப்புகிறேன். புறப்பட்டு வாருங்கள். ஆனால் பத்து நாளெல்லாம் வேண்டாம் சகலை, நாலு நாள் போதும்.