கூடைக் கணக்கில் ஜெயித்த பட்டன் போன்

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. மறதியும் உண்டு. ஆனால் இந்த ஒன்றை மட்டும் மறக்க வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.

டச் போன் புதிதாக வந்த சமயம். என் மகன் செந்தில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அருள்புரத்தில் செல்போன் கடை போட்டான். கடை என்றால் ஒரே ஒரு கண்ணாடி அலமாரி. ஒரு கம்பெனிச் சரக்குக்குத்தான் இடம். முழுக்கக் கண்ணாடியாக இருக்கும் டச் போனா, கீழே வரிசையாகப் பட்டன் வைத்த போனா? இரண்டிலும் இன்டர்நெட் வருமாம். இரண்டு ஏஜென்டுகளும் "எங்களதுதானுங்க அதிகம் விக்குது" என்று சத்தியம் செய்தார்கள். தப்பானதை எடுத்தால் கடையை மூடிவிட்டு அவன் மறுபடி கம்பெனிக்குத்தான் போக வேண்டும்.

"அவங்க கணக்கு கெடக்குதும்மா. நம்மூர்ல எது ஓடுதுன்னு நீங்க சொல்லுங்க" என்றான்.

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. பனியன் கம்பெனி வாசல் கேட்டில் எல்லோருடைய போனையும் வாங்கிப் பத்திரமாக வைப்பது என் வேலை. போனோடு உள்ளே போகக் கூடாது என்பதால் தைக்க வரும் பெண்கள் என் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். கூடையைப் பார்த்தேன். ஒரே பட்டன் மயம். (பட்டன் இருந்தால் பட்டன் போன். அதற்கு மேல் ரகம் பிரிக்க எனக்குத் தெரியாது.)

வெளி ஆண்கள் எதிரே வாயே திறக்காத நான், அன்று இரண்டு ஏஜென்டுகள் முன்னாலும் அடித்துச் சொன்னேன்: "பட்டன்தானுங்க. டச் எல்லாம் இந்தப் பக்கம் எடுபடாதுங்க."

செந்தில் அலமாரி நிறையப் பட்டன் போனை வாங்கி அடுக்கினான்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு எங்கள் கம்பெனிப் பெண்கள் கடைக்கு வந்தார்கள். தேனிப் பக்கத்துப் பெண் முத்துமாரி கையை நீட்டி, "அண்ணே, இதுக்குக் கவர் இருக்கா?" என்றாள். கையில் பளபளவென்று டச் போன். பின்னால் நின்றவர்கள் கையிலும் அதேதான்!

"இது ஏது கண்ணு? என்ற கூடையில பட்டன் போன்தான போடுவே?"

முத்துமாரி நாக்கைக் கடித்தாள். "கோவிச்சுக்கிடாதீக அத்தே. அது கூடைக்குன்னே வச்சிருக்க செத்த போனு. இதப் போட்டா கீறல் விழுந்துருமுல்ல? டிபன் பைக்குள்ள ஒளிச்சுக் கொண்டுபோயிருவோம்."

"என்ற கூடைப் போனுல பேட்டரியே இல்லீங்க அத்தை" என்றாள் இன்னொருத்தி, ஆறுதல் சொல்வதுபோல.

அந்தப் பிணங்களைத்தான் தினமும் பனியன் துணியால் துடைத்து அடுக்கியிருக்கிறேன். கூடையில் ஒருநாளும் மணி அடித்ததில்லை. எவ்வளவு அடக்கமான பிள்ளைகள் என்று மானேஜரிடம் பெருமை பேசியது வேறு! செந்தில் என் முகத்தைப் பார்த்தான். எனக்கு அந்தக் கண்ணாடி அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது. (அங்கேயும் இடமில்லை. பட்டன் போன்.)

மறுவாரம் செந்தில் டச் ஏஜென்டிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "சரக்க வச்சுக்கோங்க தம்பி, வித்துட்டுக் காசு குடுங்க" என்றார். "எங்களாலதான அத்தே" என்று முத்துமாரி தன் ஹாஸ்டல் பெண்களையெல்லாம் கடைக்குக் கூட்டி வந்தாள். கடை பிழைத்தது. இன்று மங்கலத்திலும் ஒரு கிளை இருக்கிறது.

இப்போதும் டிவியில் ஓட்டு எண்ணினால் என் மருமகள், "ஏனுங்கத்தை, இது கூடைக் கணக்குங்களா, டிபன் பைக் கணக்குங்களா?" என்பாள். வீடே சிரிக்கும். நானும்தான்.

அந்த இரண்டு கம்பெனி போனையும் இப்போது எங்கள் கடையிலேயே காணோம். அன்றைக்கு நாடு முழுக்க எது அதிகம் விற்றது என்று படித்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொன்னால் நல்லது. தயவுசெய்து என்னை மட்டும் எண்ணச் சொல்லாதீர்கள்.