முப்பதண்ணனும் பொய் சொன்ன முள்ளும்

ஸ்பீடாமீட்டர் முள்ளுக்கு வாழ்க்கைப்பட்ட டிரைவர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்தார். எங்கள் பனியன் கம்பெனியின் நூல் வேனை ஓட்டியவர் அவர். பெயர் என்னவோ இருந்தது. திருப்பூருக்கே அவர் முப்பதண்ணன். மைல் கணக்கு இருந்த அந்தக் காலத்தில், முள்ளை முப்பதுக்கு மேல் போகவே விடமாட்டார்.

நான் அங்கே குமாஸ்தா. உடுமலைப்பேட்டை மில்லில் நூல் ஏற்றிவர அவரோடு போவது என் தலையெழுத்து. ஒருமுறை இறக்கத்தில் சைக்கிள்காரர் ஒருவர் பின்னாலிருந்து பெல்லடித்து, வழி கேட்டு, எங்களை முந்திப் போனார். எனக்கு மானமே போயிற்று.

"அண்ணா, நூலில்லாம மிசினெல்லாம் நின்னு கெடக்குதுங்க. செத்த வெரசாப் போலாங்கண்ணா!"

"முள்ளு முப்பதுல நிக்குதுங்க தம்பி" என்பார், என்னமோ முள்தான் முதலாளி என்பது போல.

எல்லாம் அவர் சம்சாரம் சரசக்காவால் வந்தது. கூடப்பிறந்த அண்ணனை லாரி விபத்தில் பறிகொடுத்தவர். அதிலிருந்து எந்த வண்டியிலும் ஏறியதில்லை. கல்யாணமான மறுநாளே, முப்பதைத் தாண்டமாட்டேன் என்று தன் தலையில் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிவிட்டார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த முதலாளி, மெக்கானிக்கைக் கூப்பிட்டு வேனுக்குப் பெரிய டயர் போட்டார். பின் அச்சிலிருந்த பல்சக்கரங்களையும் வேகமாக ஓடும் ஜாதியாக மாற்றினார். மீட்டரை ஒருத்தரும் நினைக்கவில்லை. அது கியர்பாக்ஸின் சுற்றை மட்டும் எண்ணும். பின்னால் சக்கரம் பெருத்த சேதியை அதனிடம் யார் சொல்வது?

அப்புறம் பார்க்கவேண்டுமே! முள் முப்பதில் நிற்கிறது, வேன் பறக்கிறது. பல்லடம் தாண்டி ஒரு பஸ்ஸையே முந்தினோம். கண்டக்டர் தலையை நீட்டி, "ஏனுங்கண்ணா, ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?" என்று கத்தினார். "புது டயருங்க, சும்மா வழுக்கீட்டுப் போவுது!" என்று அண்ணன் பூரித்துப்போனார்.

வினை வீட்டில் காத்திருந்தது. சாயங்காலம் உள்ளூர் மில் சங்கு ஊதியதும் சரசக்கா உலை வைப்பார். சோறு வடிக்கும்போது அண்ணன் வாசலில் நிற்பார். இப்போதோ தண்ணீர் சூடாவதற்குள் வந்து நிற்கிறார்.

"உலையே கொதிக்கல, ஊடு வந்துட்டீங்க. எத்தனையில ஓட்டுனீங்க?"

"முப்பதுதான் புள்ள!"

"எந்தலையில கைய வெச்சுப்போட்டு, பொய் வேற சொல்றீங்களா?"

அன்றோடு பேச்சு நின்றது. சோறு மட்டும் தட்டில் வந்து விழுந்தது. மனிதர் ஒரே வாரத்தில் பாதியாகிவிட்டார்.

"மீட்டர நம்பறதா, அவள நம்பறதா தம்பி?"

"மைல்கல்லக் கேட்டுப் பாக்கலாங்கண்ணா" என்றேன். முப்பதில் போனால் ஒரு மைலுக்கு இரண்டு நிமிடம் ஆகவேண்டும். வாட்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றரை நிமிடத்தில் அடுத்த கல் வந்துவிட்டது. அடப்பாவி, நாற்பது!

அண்ணன் வேனை ஓரங்கட்டிவிட்டுப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தார். "அவ தலையில கைய வெச்சுப் பண்ணுன சத்தியமுங்க தம்பி" என்று குழந்தை மாதிரி அழுதார்.

விஷயத்தைக் கேட்ட முதலாளிக்குச் சிரிப்பு. "இவ்வளவுதானா? முள்ளு இருவத்திரண்டுல நின்னா நெசத்துல முப்பது. அப்பிடியே ஓட்டீட்டுப் போப்பா!"

"சத்தியம் முப்பதுக்குத்தானுங்க பண்ணுனேன். இருவத்திரண்டுக்குப் பண்ணுலீங்க. முள்ளு நெசஞ் சொன்னாத்தான் சாவியத் தொடுவேன்."

நூல் வராமல் மிஷின்கள் நின்றதும் முதலாளி இறங்கி வந்தார். மீட்டர் கேபிள் கியர்பாக்ஸில் சேரும் இடத்திலிருந்த சின்னப் பல்சக்கரத்தைக் கழற்றி, பல் குறைந்த ஒன்றை மாட்டினார் மெக்கானிக். கேபிள் வேகமாகச் சுற்றியது, முள் நிஜம் பேசியது. மறுபடி மைல்கல்லைக் கேட்டோம். அச்சு அசலாக இரண்டு நிமிடம்.

சரசக்காவிடம் நான்தான் தூது போனேன். முழுக்கதையையும் கேட்டவர், "நானே வந்து பாக்கறனுங்க" என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

வேனில் அண்ணன் பக்கத்தில் அவர். பின்னால் காலிச் சாக்குகள் மேல் நான். கம்பியை இறுகப் பிடித்தபடி, கண்கொட்டாமல் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். பல்லடம் தாண்டியதும் பிடி தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்து அண்ணன் தோளில் விழுந்தது. நல்ல தூக்கம்.

அண்ணன் முள்ளை மெதுவாக இருபதுக்கு இறக்கினார். தாமதமானால் மில் கேட்டைச் சாத்திவிடுவார்கள். கண்ணாடியில் என்னைப் பார்த்து, திட்டாதீங்க தம்பி என்பது போலக் கெஞ்சினார். நான் எங்கே திட்டுவது? மூச்சுக்கூட மெதுவாகத்தான் விட்டேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.