விட்டு விட்டுக் கேட்ட மனு

ஒரு காட்டில், டவர் வந்து மரத்துக்கு மரம் சிக்னல் கிடைத்து, நியாயம் மட்டும் இன்னும் கிடைக்காமல் இருந்த காலம். அங்கே வெள்ளத்தாயி என்றொரு கௌதாரி அடைகாத்துக்கொண்டிருந்தாள். இரை பொறுக்கப் போய்த் திரும்புவதற்குள், சிங்கராஜாவின் மச்சான் அவளுடைய புதருக்குள் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முட்டைகள் உள்ளே மாட்டிக்கொண்டன.

அரண்மனைக்கு ஓடினாள். வாசலிலேயே குமாஸ்தா நரியார் மறித்தார்.

"ராஜா இப்ப நேர்ல மனு வாங்கறதில்லம்மா. போன மாசம் ஒரு மான் நேர்ல வந்துச்சு. ராஜாவுக்குப் பசி நேரம். அதுலேர்ந்து வீடியோ மனுதான். குரல் மட்டும் தெளிவா இருக்கணும்."

காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் அந்தக் காட்டில் வீடியோ எடுப்பவன் சடையன் கரடி. நல்ல மனசுக்காரன். போனை இரண்டு கையாலும் பயபக்தியோடு ஏந்திக்கொண்டு, "சொல்லு தங்கச்சி" என்றான்.

"ஐயா, என் புதரைச் சிங்கராஜாவோட மச்சான் பிடுங்கிக்கிட்டாரு. உள்ள என் முட்டையெல்லாம் இருக்கு. அவரை எழுப்பி வெளிய அனுப்புங்க."

போட்டுப் பார்த்தார்கள். "என் புதரை" என்றதும் சத்தம் பொசுக்கென்று செத்தது. அலகு ஆடியது, குரல் இல்லை. "மச்சான் பிடுங்கிக்கிட்டாரு" என்னும்போது மறுபடி உயிர் வந்தது. அனுப்பியதைக் கேட்ட நரியார் உதட்டைப் பிதுக்கினார். "விட்டு விட்டுக் கேக்குது. வேற எடுத்துட்டு வா."

சடையன் போனின் உறையைக் கழற்றினான். மைக் ஓட்டையில் ஊதினான். உள்ளே இடம் போதவில்லையோ என்று தன் மகன் காதுகுத்து வீடியோவைக் கண்ணீரோடு அழித்தான். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டான். எத்தனை முறை எடுத்தாலும் அதே இடத்தில் அதே ஊமைத்தனம்.

மெக்கானிக் மந்தி வந்தது. போனைக் கிளையில் சாய்த்து வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பதிவு செய்தது. கணீரென்று கேட்டது.

"போன் நல்லாத்தான் இருக்கு. கோளாறு உன் தொண்டையில. மிளகு மென்னுட்டுப் பேசு" என்றது மந்தி. கோளாறு பிடிபடாத மெக்கானிக் கடைசியில் வாடிக்கையாளர் மேல் கை வைப்பது உலக வழக்கம்தானே.

அவளும் மென்றாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட, மறுபடி ஆரம்பித்தாள். "சிங்கராஜாவோட" என்று சொன்ன நேரத்தில் கரடியைப் பார்த்துவிட்டாள். ராஜா பெயரின் முதல் எழுத்து காதில் விழுந்ததுமே சடையன் போனை நடுவில் வைத்தபடியே கைகூப்பிக் கும்பிட்டான். அடியிலிருந்த மைக் இரண்டு பெரிய உள்ளங்கைகளுக்கு நடுவே அமுங்கிப்போனது.

"அண்ணே, கும்பிடாதீங்க!"

"நான் எங்க கும்பிட்டேன்?" என்றான் சடையன். பிறகு தன் கையைப் பார்த்தான். "அது தானாப் போகுது தங்கச்சி. எங்கப்பாவுக்கும் இப்படித்தான்."

போனைக் கிளையில் வைத்து எடுத்தார்கள். ஒரு சொல் விடாமல் விழுந்தது. அதைக் கேட்ட நரியாருக்கு வால் கால்களுக்கு நடுவே போய்விட்டது.

"ஏம்மா, இவ்வளவு தெளிவாவா எடுப்பாங்க? இதை ராஜா கேட்டா உன் இறகும் மிஞ்சாது, என் வாலும் மிஞ்சாது. அந்தப் பழசு இருக்கா?"

"நீங்கதானே தெளிவா இருக்கணும்னீங்க?"

"குரல் தெளிவா இருக்கணும்னு சொன்னேன். விஷயம் தெளிவா இருக்கணும்னு சொன்னேனா?"

பழைய வீடியோ ராஜாவின் முன் ஓடியது. 'என் புதரை' என்றது, கொஞ்சம் மௌனம், 'மச்சான் பிடுங்கிக்கிட்டாரு' என்றது. ராஜாவுக்கு இருந்த ஒரே பகையாளி பக்கத்து மலைப் புலி.

"அந்தப் புலியோட மச்சானா? என் காட்டுலயா? தூக்கி எறிங்கடா!"

யானைக் காவலர் போனார். தும்பிக்கை சுற்றியதும் தூக்கம் கலைந்தவர், "டேய், நான் ராஜாவோட மச்சான்!" என்று அலறினார்.

"மச்சான்னு வீடியோவுல இருக்கு. ராஜான்னு இல்லையே" என்று சொல்லி, யானை அவரை மலைக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டது.

விஷயம் தெரிந்ததும் ராஜா கர்ஜிக்க வாயெடுத்தார். உத்தரவு போட்டதும் அதே வாய்தான் என்று நினைவு வந்து மூடிக்கொண்டார். அன்று வீட்டில் ராணி கேட்ட கேள்விகளுக்கு அவருடைய மைக்கும் வேலை செய்யவில்லை.

முட்டைகள் குறட்டைச் சூட்டில் கெடாமல் இருந்தன. வெள்ளத்தாயி அவற்றின் மேல் உட்கார்ந்து ஆசைதீர அழுதாள், இந்த முறை மிளகு இல்லாமல்.

மறுநாள் சடையன் வாசலில் ஆமையிலிருந்து அணில்வரை வரிசை கட்டி நின்றன. எல்லாருக்கும் ராஜா வீட்டு உறவினர் மேல் ஏதோ ஒரு மனு இருந்தது. பிழைக்கத் தெரிந்த மந்தி, தன் கடைப் பலகையை மாற்றி எழுதியிருந்தது: 'இங்கு நல்ல மைக் பழுதாக்கித் தரப்படும்.'

நீதி: குழந்தைகளே, உண்மையை முழுசாகச் சொல்லுங்கள், போனை மட்டும் கும்பிடத் தெரிந்தவன் கையில் கொடுங்கள்.